முழங்கால் மீண்டும் நீளவும் மடங்கவும்: அறுவை சிகிச்சைக்கும் அடிக்கும் பிறகான முழுமையான வழிகாட்டி

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு மடக்க முடியுது?" "முழுசா நீட்ட முடியுதா?" என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் முதல் சில வாரங்களில் இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். மடக்கம் மூன்றாம் மாதத்திலும் கூடும். சிலருக்கு ஒரு வருடம் வரைகூட மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். நீட்டம் அப்படியில்லை. ஆரம்பத்தில் கோட்டை விட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு.

நேராக நிற்கும் காலில் எலும்பின் மேல் எலும்பு அமர்ந்து உடல் எடையைத் தாங்கிக்கொள்ளும், தொடையின் முன்தசைக்கு அதிக வேலை இருக்காது. ஐந்து பத்து டிகிரி மடங்கியே நின்றால் அந்தப் பாரம் முழுக்கத் தசையின் தலையில் விழுகிறது. சும்மா நின்றாலே கால் அசந்துபோகும், முழங்காலின் முன்னால் இருக்கும் சில்லு எலும்புக்குப் பின்னால் வலிக்கும், நடை விந்தும், நாளாக ஆக இடுப்பும் முதுகும் சேர்ந்துகொள்ளும். அதனால் இங்கே வரிசை இப்படித்தான்: முதலில் வீக்கம், அடுத்து நீட்டம், அப்புறம்தான் மடக்கம்.

எதற்கு எத்தனை டிகிரி

முழுக்க நேரான காலை 0 டிகிரி என்று வைத்துக்கொள்வார்கள். ஆரோக்கியமான முழங்கால் 135 முதல் 140 டிகிரி வரையாவது மடங்கும். சமதரையில் நடக்க 60 முதல் 65 டிகிரி போதும். படி ஏற 80க்கு மேல் வேண்டும், இறங்க 90 அல்லது அதற்குச் சற்று மேல். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 95 முதல் 105. சைக்கிள் பெடலை முழுச் சுற்று சுற்ற 105 முதல் 110. தரையில் குந்தி உட்கார 130ஐயும் தாண்ட வேண்டும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் வீண் பதற்றம் குறையும். இரண்டாம் வாரத்தில் 85 டிகிரி வந்தவர் "இன்னும் பாதிதானே ஆச்சு" என்று சோர்ந்துபோகிறார். நடப்பதற்குத் தேவையானது எப்போதோ வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

தொடங்கும் முன்: உங்கள் காலில் என்ன நடந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பயிற்சியையும் தொடக்கூடாது. ஒருவருக்கு மருந்தாக இருக்கும் அசைவு இன்னொருவருக்குத் தையலையே பிரித்துவிடும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே எடை வைத்து நடக்கவும் மடக்கி நீட்டவும் சொல்வார்கள். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் ஜவ்வைப் புதிதாக அமைத்தவர்களுக்கு முழு நீட்டம்தான் முதல் இலக்கு. மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்து அதைத் தைத்திருந்தால் பல மருத்துவர்கள் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு 90 டிகிரியைத் தாண்ட விடமாட்டார்கள். அதே மெனிஸ்கஸின் கிழிந்த துண்டை வெட்டி எடுத்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு பொதுவாக இருக்காது. சில்லு உடைந்து கம்பி போட்டவர்களும் சில்லின் தசைநாரைத் தைத்தவர்களும் காலைத் தன் பலத்தில் உதைத்து நீட்டுவதற்குக் கொஞ்ச காலம் தடை இருக்கும். மடக்கத்தையும் அவர்களுக்குப் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு உடைந்திருந்தால் அசைக்கச் சொல்வார்கள், ஆனால் பல வாரங்களுக்கு எடை வைக்க விடமாட்டார்கள்.

எனவே மருத்துவரிடம் இந்த நான்கையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எவ்வளவு எடை வைக்கலாம், எத்தனை டிகிரி வரை மடக்கலாம், காலை நானே நீட்டித் தூக்கலாமா, முழங்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸை எப்போது கழற்றலாம். பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

அறுவை சிகிச்சை இல்லாமல் வெறும் அடிபட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கால் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு நீளவே மறுக்கிறது, அழுத்தினால் ஏதோ முட்டுக் கொடுத்ததுபோல் நிற்கிறது என்றால் அதை இறுக்கம் என்று எண்ணி அமுக்கக்கூடாது. கிழிந்த மெனிஸ்கஸ் துண்டு மூட்டுக்குள் மடிந்து மாட்டியிருக்கலாம். அதற்குப் பயிற்சி தீர்வில்லை, பரிசோதனைதான் தேவை.

படி 1: வீக்கத்தை இறக்குங்கள்

மூட்டுக்குள் நீர் கோர்த்திருக்கும் வரை தொடைத் தசை சரியாக வேலை செய்யாது. இது சோம்பல் இல்லை, வலிக்குப் பயப்படுவதும் இல்லை. மூட்டு உப்பியிருப்பதை நரம்புகள் உணர்ந்ததும் தண்டுவடம் தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைத் தானாகவே குறைத்துவிடுகிறது. வலியே இல்லாதவருக்கும் கொஞ்சம் நீர் இருந்தாலே இது நடக்கும். "எவ்வளவு முயன்றாலும் தசை இறுகவே மாட்டேங்குது" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வீக்கத்தைத்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. முழங்கால் ஏறக்குறைய 30 டிகிரி மடங்கியிருக்கும்போதுதான் மூட்டுப் பைக்குள் இடம் அதிகம். வீங்கிய கால் அந்த நிலையைத்தான் தேடும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகியதும் "அப்பாடா" என்றிருப்பது இதனால்தான். அந்தச் சுகத்துக்குக் கொடுக்கும் விலை நீட்டம். வாரக்கணக்கில் அப்படியே படுத்தால் பின்பக்கத் திசுக்கள் அந்த நிலையிலேயே சுருங்கிப்போகும். தலையணை வேண்டுமானால் கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் கீழே வையுங்கள், முழங்காலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் தெரிந்த விஷயங்கள்தான். ஐஸை மெல்லிய துணியில் சுற்றி ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்து. பாதத்தை முன்னும் பின்னுமாக அடிக்கடி அசைப்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லது. முதல் இரண்டு வாரங்களில் பலர் செய்யும் தப்பு, வலி குறைந்த ஒரு நல்ல நாளில் வீடு முழுக்க நடந்து தீர்ப்பது. மறுநாள் கால் பந்துபோல் வீங்கி நான்கு நாள் உழைப்பைத் தின்றுவிடும்.

வீக்கத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை நான் நம்புவதில்லை. காலையில் எழுந்ததும் சில்லின் நடுமையத்தில் அளவு டேப்பைச் சுற்றிப் பார்த்து எழுதுங்கள். உள்ளே நீர் இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. காலை நீட்டி, தளர்த்தி வைத்துக்கொண்டு, சில்லின் உள்பக்கப் பள்ளத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழியுங்கள். உள்பக்கப் பள்ளம் மெல்ல உப்பி வந்தால் நீர் இன்னும் இருக்கிறது.

படி 2: நீட்டத்தை மீட்பது

இதற்குத் தேவை ஒரு சுருட்டிய டவலும் பொறுமையும்தான். மல்லாந்து படுத்தோ உட்கார்ந்தோ குதிகாலை டவல் சுருளின் மேல் வையுங்கள். கெண்டைக்காலும் முழங்காலும் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். காலின் எடையே முழங்காலைக் கீழே இழுத்து நேராக்கும். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் விரல்கள் கூரையைப் பார்த்தபடி இருக்கட்டும். சாய்ந்தால் இழுவிசை பக்கவாட்டில் போய்விடும். முழங்காலின் பின்னால் மந்தமான இழுப்பு தெரிவது சரியானதுதான். முதல் ஐந்து நிமிடத்துக்குத் தசை எதிர்த்து நிற்கும், அப்புறம்தான் இளகும். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுபவர்களுக்குப் பலன் கிடைக்காதது இதனால்தான்.

இதிலும் மசியவில்லை என்றால் அடுத்தது குப்புறப் படுப்பது. தொடை முழுக்கக் கட்டிலில் இருக்க, சில்லு விளிம்பைச் சற்றே தாண்டியிருக்க, கீழ்க்கால் வெளியே தொங்கட்டும். இரண்டு குதிகால்களையும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எந்தக் கால் உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் சுமார் ஒரு டிகிரி குறைவு என்று கணக்கு. கோணமானி இல்லாமல் வீட்டிலேயே நீட்டத்தை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கணுக்காலில் எடை கட்டுவதை பிசியோ சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர் உதவியோடு நீளும் கால், தன் பலத்திலும் நீள வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துவதுபோல் தொடையை இறுக்குங்கள். ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருதரம் செய்தாலும் தப்பில்லை. இதில் கவனிக்க வேண்டியது சில்லு. ஒரு விரலைச் சில்லின் மேல் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தசை இறுகும்போது சில்லு தொடையை நோக்கி வழுக்கி ஏறுவது விரலுக்குத் தெரிய வேண்டும். சில்லு அசையாமல் பிட்டம் மட்டும் எழும்பினால் தொடை வேலை செய்யவில்லை, இடுப்பு ஏமாற்றுகிறது. அடுத்த காலில் அதே இறுக்கத்தைச் செய்து பார்த்து, அதே உணர்வை இந்தக் காலில் தேடுங்கள்.

தொடை இறுகத் தொடங்கியதும் காலை நேராக வைத்தபடி ஒரு சாண் உயரம் தூக்குங்கள். தூக்கும் கணத்தில் முழங்கால் லேசாகத் தொய்ந்து மடங்குகிறதா? படுக்கையில் முழுக்க நீள்கிற கால் தூக்கும்போது தொய்ந்தால் அது இறுக்கம் இல்லை, பலக்குறைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பலம் வேண்டிய காலை மேலும் மேலும் அமுக்குபவர்கள் உண்டு. தொய்வு போகும் வரை எடை கட்டித் தூக்காதீர்கள்.

படி 3: சில்லையும் தழும்பையும் மறக்காதீர்கள்

முழங்கால் மடங்கும்போது சில்லு கீழே இறங்க வேண்டும், நீளும்போது மேலே ஏற வேண்டும். அது ஒட்டிக்கொண்டுவிட்டால் எந்தப் பயிற்சியும் ஓரளவுக்கு மேல் போகாது. வீட்டில் செய்பவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

காலை நீட்டித் தொடையை முழுக்கத் தளர்த்துங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சில்லின் ஓரத்தைப் பிடித்து உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று மெதுவாகத் தள்ளிச் சில விநாடிகள் நிறுத்துங்கள். காயத்தின் மேல் அழுத்தம் விழக்கூடாது. நல்ல காலில் எவ்வளவு நகர்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சில்லை உடைத்துக்கொண்டவர்களும் தசைநாரைத் தைத்தவர்களும் மருத்துவர் அனுமதி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

காயம் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு தழும்பை விரலால் அழுத்தி வட்டமாகத் தேய்க்கலாம். தோல் அடித்திசுவோடு ஒட்டாமல் நழுவ வேண்டும் என்பதே நோக்கம். மூட்டு மாற்றிய தழும்பின் வெளிப்பக்கத்தில் தோல் மரத்திருந்தால் கவலை வேண்டாம். தோலுக்குப் போகும் ஒரு சிறு நரம்புக்கிளை வெட்டுப்படுவதால் வருவது அது.

படி 4: மடக்கம்

முதலில் படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுப்பது. காலில் வழுவழுப்பான உறை மாட்டிக்கொண்டால் உராய்வு குறையும். போகும் வரை போய், பாதத்தைச் சுற்றிய டவலைக் கையால் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்து 15 முதல் 30 விநாடி நிறுத்துங்கள். சுவரோரம் படுத்துப் பாதத்தைச் சுவரில் வைத்து மெல்லக் கீழே வழுக்கவிடுவது இதன் இன்னொரு வகை. பயப்படுகிறவர்களுக்கு அது நல்லது, புவியீர்ப்பே வேலையைச் செய்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நாற்காலிப் பயிற்சி. நகராத நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை முடிந்தவரை பின்னுக்கு இழுத்துத் தரையில் ஊன்றுங்கள். இப்போது பாதத்தை அசைக்காமல் பிட்டத்தை மட்டும் நாற்காலியின் முன்விளிம்பை நோக்கி நகர்த்துங்கள். முழங்கால் தானாக மேலும் மடங்கும். எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். வலித்தால் ஓர் அங்குலம் பின்னுக்குப் போனால் சரி. இடுப்பு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்குப் போய் நின்றுவிட்டதா? அங்கேயே வைத்துக்கொண்டு, தரையில் ஊன்றிய பாதத்தை முன்னால் உதைப்பதுபோல் லேசாக முயலுங்கள், ஆனால் நகர விடாதீர்கள். ஐந்து விநாடி. பிறகு முழுக்கத் தளர்த்தி, மூச்சை வெளியே விட்டபடி இன்னும் சற்று முன்னே நகருங்கள். இறுகித் தளர்ந்த தசை பெரும்பாலும் சில டிகிரிகளை விட்டுக்கொடுக்கும். காலை நானே நீட்டக்கூடாது என்ற தடை உள்ளவர்களுக்கு இது கூடாது.

உடற்பயிற்சி சைக்கிள் கிடைத்தால் இருக்கையை உயர்த்தி, எதிர்ப்பே இல்லாமல் வையுங்கள். ஆரம்பத்தில் முழுச் சுற்று வராது. முன்னே பாதி, பின்னே பாதி என்று ஊஞ்சல்போல் ஆட்டிக்கொண்டிருந்தாலே போதும். முழுச் சுற்று முதலில் பின்பக்கமாகச் சுற்றும்போதுதான் பலருக்கு வரும். அது சுலபமானதும் இருக்கையைச் சிறிது சிறிதாக இறக்குங்கள்.

மூட்டைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரம் பற்றிப் பலர் கேட்பார்கள். கனடாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்டர் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது அது. மூட்டு மாற்றியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மடக்கத்தில் பெரிய ஆதாயம் தெரியவில்லை. இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்று ஏங்க வேண்டாம்.

எவ்வளவு, எத்தனை தடவை, எவ்வளவு வலி

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவதைவிட, பத்துப் பதினைந்து நிமிடமாக நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை செய்வது மேல். திசு இளகுவது விசைக்கு அல்ல, எல்லையில் கழிக்கும் மொத்த நேரத்துக்கு. வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் போட்டு 30 முதல் 45 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள், முடித்ததும் ஐஸ்.

வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் நான்கைந்து வரை போகலாம். நிறுத்தியதும் அது தணிய வேண்டும். உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில் தெரியும். டேப் அளவு கூடி, நேற்று வந்த டிகிரி இன்று வரவில்லை என்றால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள். அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள். மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். வேறொருவரைக் காலின் மேல் உட்காரவைத்து மடக்கச் சொல்வது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. தையல் பிரியலாம், எலும்பே உடையலாம். அப்படி எதுவும் ஆகாவிட்டாலும் புதிதாக வீங்கி இன்னும் இறுகும்.

கீழே உள்ளவற்றில் எது நடந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அணுகுங்கள்:

- கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு. ரத்தக்கட்டியாக இருக்கலாம். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.
- காய்ச்சல், காயத்திலிருந்து கசிவு, நாளுக்கு நாள் பரவும் சிவப்பு.
- நேற்றுவரை நேராகத் தூக்கிய காலை இன்று தூக்கவே முடியாமல் போவது.
- பாதம் மேலே எழும்பாமல் தொங்குவது, அல்லது பாதம் முழுக்க மரத்துப்போவது.

படி 5: அளந்து எழுதுங்கள்

வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே நிலையில். இடுப்பின் வெளிப்பக்க எலும்பு முனை, முழங்காலின் வெளிப்பக்க மையம், வெளிக்கணுக்கால் எலும்பு, இந்த மூன்றும் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் கோணத்தைப் பிறகு நிதானமாக அளக்கலாம். நாள்தோறும் அளப்பது மனதைக் கெடுக்கும். அளவையிலேயே ஐந்து டிகிரி வரை பிசகு வருவது சகஜம், ஆகவே திங்கட்கிழமை 96, செவ்வாய்க்கிழமை 92 என்பதில் எந்தச் செய்தியும் இல்லை.

பொதுவான எதிர்பார்ப்பைச் சொன்னால், மூட்டு மாற்றியவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் 90ஐயும், ஆறாவது வாரவாக்கில் 110ஐயும் ஒட்டி வருவார்கள். இறுதியில் 115 முதல் 125க்குள் நிற்பது வழக்கம். சிகிச்சைக்கு முன் எவ்வளவு மடங்கியதோ, அதுதான் பின்னால் வருவதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றே இந்தப் பயிற்சிகளைத் தொடங்கலாம் என்பதும் அதனால்தான். ஏசிஎல் செய்துகொண்டவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முழு நீட்டமும், ஆறு வாரத்தில் சுமார் 120 டிகிரியும் நல்ல வேகம். மாவுக்கட்டில் வெகுநாள் இருந்த கால் இதைவிட மெதுவாகத்தான் வரும்.

படி 6: கிடைத்ததை நடையில் கொண்டுவருவது

படுக்கையில் முழுக்க நீளும் கால், எழுந்து நடக்கும்போது மடங்கியே போகும். பழக்கம் அப்படி. ஒவ்வோர் அடியிலும் குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், அப்போது முழங்கால் நேராக இருக்க வேண்டும். விந்தாமல் நடக்க வரும் வரை ஊன்றுகோலை விடாதீர்கள். ஊன்றுகோலோடு சரியாக நடப்பது அது இல்லாமல் விந்துவதைவிட எவ்வளவோ மேல். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சிறிய படியில் ஏறி இறங்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்காருவது என்று பலத்தைக் கூட்டலாம். எழும்போது எடையை நல்ல காலுக்குக் கடத்திவிடுவது எல்லோரும் செய்வது. கண்ணாடி முன்னால் செய்தால் கையும் களவுமாகப் பிடிபடும். தொடையின் பலம் டிகிரிகளைவிட மெதுவாகத்தான் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும்.

நின்றுபோனால்

இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் முதலில் வீக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். வீக்கம் இல்லாமலும் எல்லையில் தோல்வார்போல் கெட்டியாக நிற்கிறது, சில்லு அசையவே இல்லை என்றால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்திருக்கலாம். ஏசிஎல்லுக்குப் பிறகு கடைசிச் சில டிகிரி நீட்டம் மட்டும் வராமல், நீட்டும்போது முன்பக்கம் ஏதோ இடறுவதுபோல் இருந்தால், ஜவ்வின் முன்னால் திரண்ட சதைக்கட்டி அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அதை நுண்துளை வழியாக எடுத்துவிடலாம்.

மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகியும் 90 டிகிரியைத் தொடாதவர்கள் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே போய்ப் பாருங்கள். மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிடும் முறை உண்டு. அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். தழும்பு முதிர்ந்த பிறகு வாய்ப்பு குறைந்துவிடும். அன்று கிடைத்த டிகிரியைக் காப்பாற்ற மறுநாளிலிருந்தே பயிற்சி தொடர வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

கடைசி டிகிரிகள்

120க்கு மேல் எல்லோருக்கும் தேவையா என்று கேட்டால், இல்லை. அன்றாட வேலைக்கு அது போதும். தரையில் உட்கார விரும்புகிறவர்கள் மருத்துவரின் அனுமதியோடு, கையில் பிடிமானத்தோடு, பல மாத நோக்கில் அதைத் தேட வேண்டும். மெனிஸ்கஸ் தைத்தவர்கள் எடையோடு ஆழமாகக் குந்துவதற்கு நான்கு மாதமாவது பொறுக்க வேண்டியிருக்கும். மண்டியிடுவது வேறு கதை. மூட்டு மாற்றியவர்களில் பலர் பயத்தாலேயே அதைக் கைவிடுகிறார்கள். காயம் ஆறி மருத்துவர் சரி என்றால் முதலில் மெத்தையின் மேல், இரு கைகளையும் ஊன்றி, சில விநாடிகள் மட்டும் எடை வையுங்கள். மரத்த தோலில் விசித்திரமாக இருக்கும், வலியாக இருக்கக்கூடாது. மெத்தையில் பழகியதும் தரையில் தடித்த விரிப்பைப் போட்டு முயலலாம். எழும்போது நல்ல காலை முன்னால் ஊன்றி எழுங்கள்.